தேங்காய்ப் பிண்ணாக்குத் தீவனத்தில் என்சைம் சேர்த்தும் கோழி எடை ஏறாதது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் பேட்சுக்கு 1,500 கறிக்கோழி வளர்க்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் கிடையாது. தீவனத்தை நானே அரைத்து, 500 கிலோ பிடிக்கும் படுக்கை மிக்சரில் கலக்கிறேன். சோயா விலை ஏறியதால், இரண்டாம் வாரத்திலிருந்து போடும் தீவனத்தில் 100 கிலோவுக்கு 32 கிலோவாக இருந்த சோயாப் பிண்ணாக்கை 24 ஆகவும், 55.5 கிலோவாக இருந்த மக்காச்சோளத்தை 51.5 ஆகவும் குறைத்து, 12 கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கு சேர்த்தேன். குருணை 6, எண்ணெய் 2.5, டி.சி.பி. (பாஸ்பரஸும் சுண்ணாம்புச் சத்தும் தரும் டைகால்சியம் பாஸ்பேட்) 1.8, சுண்ணாம்புக்கல் தூள் 1.2 என்ற பழைய அளவுகளை மாற்றவில்லை. மருந்துக் கடைக்காரர் சொன்னபடி டன்னுக்கு 500 கிராம் மல்டி என்சைம் போட்டேன். ஆனால் 35 நாளில் 1.9 கிலோ வந்த கோழி இப்போது 1.74 கிலோதான் வருகிறது. எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனம், 1.68-இலிருந்து 1.86-க்குப் போய்விட்டது. கொட்டகைத் தரையில் பரப்பிய கூளமும் ஈரமாகவே கிடக்கிறது. என்சைமை ஒரு கிலோவாக உயர்த்தலாமா, வேறு கம்பெனிச் சரக்கு வாங்கலாமா? ஓணத்துக்கு ஒரு பேட்ச் விட வேண்டியிருக்கிறது. பாக்கெட்டின் மேலிருந்த விவரத்தையும் எழுதி அனுப்பியுள்ளேன்.

பதில்: அன்புடையீர், தீவனக் கணக்கையும் பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததையும் ஒன்றுவிடாமல் எழுதியதற்கு முதலில் நன்றி. ‘எந்த என்சைம் நல்லது’ என்று ஒற்றை வரியில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது போன்றது. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடிகிறது. அந்தக் கணக்கின்படி, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இப்போதைக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. உங்கள் கோழிகள் இழந்தது என்சைம் மீட்டுத் தரக்கூடிய பொருள் அன்று. மீட்டுத் தரக்கூடிய பகுதிக்கோ, பாக்கெட்டில் சரியான என்சைம் இல்லை.

என்சைம் என்பது ஊக்க மருந்தும் அன்று, டானிக்கும் அன்று. தீவனத்தில் ஏற்கெனவே இருந்தும் கோழியின் குடல் பிரித்தெடுக்க முடியாமல் எச்சத்தில் போய்விடுகிற சத்தை உடைத்து விடுவிக்கும் ஒரு புரதம், அவ்வளவே. ஆகவே ஒவ்வொரு என்சைமுக்கும் அது உடைக்க வேண்டிய பொருள் தீவனத்தில் இருக்க வேண்டும். அப்படி உடைப்பதால் கிடைக்கும் சத்து, கோழிக்கு அந்தச் சமயத்தில் குறையாக இருக்கும் சத்தாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் என்சைமுக்குக் கொடுத்த பணம் கூளத்தோடு போய்விடும்.

இனி உங்கள் தீவனத்துக்கு வருவோம். 8 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 12 கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கைப் போட்டபோது, புரதம் ஏறத்தாழ 19.8 சதவீதத்திலிருந்து 18.2 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் கறிக்கோழிக்குச் சதை பிடிப்பதைத் தீர்மானிப்பது மொத்தப் புரதத்தைவிட, அதற்குள் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலமே. சோயாவில் லைசின் சுமார் 2.8 சதவீதம் இருக்கிறது. தேங்காய்ப் பிண்ணாக்கில் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். கூட்டிப் பார்த்தால், உங்கள் பழைய தீவனத்தில் டன்னுக்கு ஏறக்குறைய 10.5 கிலோ லைசின் இருந்தது. இப்போது இருப்பது 8.8 கிலோ. டன்னுக்கு 1.7 கிலோ குறைகிறது. இந்திய தர நிர்ணய அமைப்பின் கறிக்கோழித் தீவனத் தரம் தொடக்கத் தீவனத்துக்கு 1.2 சதவீதமும் இறுதித் தீவனத்துக்கு 1 சதவீதமும் லைசின் கேட்கிறது. இரண்டாம் வாரம் முதல் விற்பனை வரை ஒரே தீவனத்தைக் கொடுக்கும் உங்கள் பழைய கலவையே இளங்குஞ்சுகளுக்குக் கொஞ்சம் மெலிந்ததுதான். புதியதோ இறுதித் தீவனத்தின் அளவைக்கூட எட்டவில்லை.

பாக்கெட்டில் புரோட்டியேஸ் இருக்கிறதே, அது புரதத்தை உடைத்து இந்தக் குறையை ஈடு செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அதையும் கணக்கிலேயே பார்த்துவிடலாம். இப்போதைய தீவனத்திலுள்ள 8.8 கிலோ லைசினில் பெரும்பகுதியைக் கோழி தானாகவே செரித்துவிடுகிறது. செரிக்காமல் போவது தோராயமாக எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உலகத்திலேயே சிறந்த புரோட்டியேஸைப் போட்டு, அந்த மிச்சத்தை ஒரு கிராம் விடாமல் மீட்டாலும், 1.7 கிலோ குறையை அடைக்க முடியாது. நடைமுறையில் அதில் ஒரு சிறு பங்குதான் மீளும். ஒரு கிலோ என்சைம் போட்டாலும் இரண்டு கிலோ போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறாக, 78 சதவீதம் லைசின் உள்ள லைசின் ஹைட்ரோகுளோரைடு டன்னுக்கு 2.2 கிலோ போட்டிருந்தால் அந்தக் குறை அன்றே தீர்ந்திருக்கும். எரிசக்தியிலும் இழப்பு உண்டு: பிண்ணாக்கில் எண்ணெய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்று மாறினாலும், கிலோவுக்கு 120 கிலோகலோரி அளவுக்குத் தீவனம் இளைத்திருக்கும் என்பது என் மதிப்பீடு.

பாக்கெட் விவரத்தைப் படித்தேன். சைலனேஸ், செல்லுலேஸ், அமைலேஸ், புரோட்டியேஸ், பைட்டேஸ் என ஐந்து பெயர்கள் இருக்கின்றன; உங்களுக்கு வேண்டிய ஆறாவது பெயர் இல்லை. தேங்காய்ப் பிண்ணாக்கின் நாரில் முக்கியமானது மன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலி. அதை உடைப்பது மன்னனேஸ். கோதுமையில் இருக்கும் அராபினோசைலனுக்காகவே சைலனேஸ் பேர் வாங்கியது; பசைபோல் குழகுழப்பாகும் அந்தப் பொருளை அது வெட்டிவிடுவதால், கோதுமை போடும் குளிர்நாடுகளில் கோழி எச்சம் காய்ந்து, எடை கண்கூடாக ஏறுகிறது. நம் மக்காச்சோளத்தில் அந்தக் கரையும் பசை மிகக் குறைவு. அமைலேஸைப் பொறுத்தவரை, முதல் வாரக் குஞ்சுக்குத் தன் சொந்தச் சுரப்பு குறைவாக இருக்கும் என்பதால் அப்போது ஓரளவு உதவும்; மூன்றாம் வாரக் கோழிக்கு மக்காச்சோள மாவைச் செரிக்க யார் உதவியும் தேவையில்லை.

தேங்காய்ப் பிண்ணாக்கின் இன்னொரு குணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி தம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குப் பொடித்த தேங்காய்ப் பிண்ணாக்கையும், இன்னொன்றில் அதே உயரத்துக்கு மக்காச்சோள மாவையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிண்ணாக்கு தண்ணீரை உறிஞ்சி, மெத்தைபோல் மேலே எழும்பி நிற்கும். மாவு அடியில் படிந்திருக்கும். இரைப்பையிலும் இதுவே நடக்கிறது. இரண்டு வாரக் குஞ்சின் சிறிய இரைப்பை அந்த வீக்கத்திலேயே நிறைந்துவிடுவதால் அது வேண்டிய அளவு தின்பதில்லை. உறிஞ்சிய தண்ணீர் எச்சத்தோடு கூளத்துக்கு வருகிறது. கூளம் ஈரமானதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆயினும் நிப்பிள் குழாய் ஒழுகுகிறதா, உப்பு கூடிவிட்டதா, இரத்தக் கழிச்சல் உண்டா என்பவற்றையும் பார்த்துவிட்டே அந்த முடிவுக்கு வர வேண்டும். தென்னை நார்த்தூளைக் கூளமாகப் பரப்பியிருந்தால், ஆடிச் சாரலில் அது தானாகவே ஈரம் இழுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் தீவனத்தில் உண்மையாகவே வேலை இருக்கிற என்சைம் பைட்டேஸ்தான். அதைத்தான் நீங்கள் வீணாக்கியிருக்கிறீர்கள். தானியத்திலும் பிண்ணாக்கிலும் தவிட்டிலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ‘பைட்டேட்’ என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதைப் போதிய அளவு பிரிக்க முடியாது என்பதால்தான் டி.சி.பி. போடுகிறோம். அந்தப் பூட்டைத் திறப்பதே பைட்டேஸின் வேலை. பைட்டேஸை முதன்முதலில் 1907-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது அரிசித் தவிட்டில் என்பது, நெல்லோடு பழகிய நமக்குச் சுவையான செய்தி. ஆனால் தொழிற்சாலைச் சரக்காக அது தீவனச் சந்தைக்கு வர 1991 வரை ஆயிற்று. கறிக்கோழிக்குத் தீவனம் கிலோவுக்கு 500 எஃப்.டி.யு. (பைட்டேஸின் வீரியத்தை அளக்கும் யூனிட்) என்பது வழக்கமான அளவு. கிராமுக்கு 5,000 எஃப்.டி.யு. உள்ள சரக்கானால் டன்னுக்கு 100 கிராம் போதும். உங்கள் பாக்கெட்டில் கிராமுக்கு 500 எஃப்.டி.யு. என்றிருப்பதால், டன்னுக்கு 500 கிராம் போட்டும் கிலோவுக்கு 250-தான் கிடைத்திருக்கிறது, அதாவது பாதி. அந்தப் பாதி விடுவித்த பாஸ்பரஸும் கோழிக்குத் தேவைப்படவில்லை, ஏனெனில் டி.சி.பி.யை நீங்கள் ஒரு கிலோகூடக் குறைக்காமல் டன்னுக்கு 18 கிலோ போட்டுவிட்டீர்கள். கோழிக்கு மிஞ்சியது அத்தனையும் எருவாகத் தென்னைக்குத்தான் போயிருக்கும்.

பைட்டேஸ் முழு அளவில் போடும்போது டி.சி.பி.யை டன்னுக்கு 5 கிலோ குறைக்கலாம். 18 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள டி.சி.பி.யில் அது 900 கிராம் பாஸ்பரஸ். அதைப் பைட்டேஸ் தாங்கும். அதற்கு மேல் போகாதீர்கள். டி.சி.பி.யோடு போய்விட்ட சுண்ணாம்புச் சத்தை ஈடுகட்டச் சுண்ணாம்புக்கல் தூளை ஏற்றவும் வேண்டாம். சுண்ணாம்பு மிகுந்தால் அது பைட்டேட்டோடு சேர்ந்து இறுகிப் பைட்டேஸின் வேலையைக் கெடுக்கும்.

‘அதற்கு மேல் போகாதீர்கள்’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பண்ணையில் பைட்டேஸை நம்பி டன்னுக்கு 8 கிலோ டி.சி.பி.யைக் குறைக்கச் சொன்னேன். அங்கே மிக்சர் இல்லை, மண்வெட்டியால் புரட்டித்தான் கலந்தார்கள் என்பதை நான் கேட்டறியவில்லை. 100 கிராம் பொடி ஒரு டன்னில் எங்கோ நாலைந்து மூட்டையில் மட்டும் விழுந்திருக்க வேண்டும். பதினெட்டாம் நாள் போய்ப் பார்த்தபோது, கொட்டகையின் ஒரு பக்கத்துக் கோழிகள் கணுக்காலில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றை அறுத்துக் கால் எலும்பை வளைத்தேன். ‘டக்’கென்று முறிய வேண்டிய எலும்பு முருங்கைப் பிஞ்சுபோல் வளைந்தது. அலகும் விரலால் அழுத்த ரப்பர்போல் இருந்தது. குற்றம் பைட்டேஸுடையது அன்று, என்னுடையது. அன்றிலிருந்து யாருக்கும் டி.சி.பி.யைக் குறைக்கச் சொல்லும் முன் எப்படிக் கலக்கிறீர்கள் என்று கேட்காமல் இருப்பதில்லை.

உங்களிடம் மிக்சர் இருப்பது நல்லது. அப்படியும் என்சைம் பொடியை நேராக அதில் கொட்டக் கூடாது. ஒரு கிலோ மக்காச்சோள மாவில் முதலில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, அதன் பிறகே மிக்சரில் பாதித் தீவனம் விழுந்திருக்கும்போது தூவ வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கலப்பவர் மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது அவசியம். என்சைம் தூசி சிலருக்கு மூச்சிரைப்பை உண்டாக்கும். என்சைமைப் பிரிமிக்ஸ் (வைட்டமின், தாது உப்புக் கலவை), கோலின் குளோரைடு என்ற ஊட்டச்சத்து உப்பு ஆகியவற்றோடு ஒரே டிரம்மில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கலந்து, தகரக் கூரைக்குக் கீழ் வைத்திருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நசநசக்கும். அந்த ஈரமும் தாது உப்புகளும் கோடைச் சூடும் சேர்ந்தால், பாக்கெட்டில் போட்டிருக்கும் யூனிட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்சைமைத் தனியாக, கட்டிய பையில், வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். தூள் தீவனமாகவே கொடுப்பதால், குச்சித் தீவன ஆலைகளில் நீராவிச் சூட்டில் என்சைம் செத்துப்போகும் தொல்லை உங்களுக்கு இல்லை.

இன்னொரு சந்தேகத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வாங்கி அடுக்கிய தேங்காய்ப் பிண்ணாக்கில் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகியிருந்தால், எடை குறைய அது ஒன்றே போதும். எந்த என்சைமும் அதைச் சரி செய்யாது. மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடோ, கட்டியோ, முசுட்டு வாடையோ இருந்தால் அந்த மூட்டை கோழிக்கு ஆகாது. கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமலும் நச்சு இருக்கக் கூடும் என்பதால், பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்த அரைக் கிலோ மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. கேரளப் பக்கம் உங்கள் மாவட்டத்திலேயே, திருவிழாங்குன்றில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியியல் கல்லூரி இருக்கிறது. அங்கும் ஆலோசனை கேட்கலாம். செத்த கோழி கிடைத்தால் கால்நடை மருத்துவரிடம் அறுத்துக் காட்டுங்கள். ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தால் பிண்ணாக்கின் மேல் சந்தேகம் வலுக்கும்.

ஓணம் பேட்சுக்கு என் யோசனை இது. 21 நாள் வரை தேங்காய்ப் பிண்ணாக்கே வேண்டாம். பழைய கணக்குத் தீவனத்தில், அதுவும் டன்னுக்கு ஒன்றரை கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடு சேர்த்துக் கொடுங்கள். அதன் பிறகு 100 கிலோவுக்கு 5 கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கு, 29 கிலோ சோயா, ஏறத்தாழ 54 கிலோ மக்காச்சோளம் என வைத்து, டன்னுக்கு ஒரு கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடு சேர்த்தால், லைசின் பழைய அளவுக்கு வந்துவிடும். தேங்காய்ப் பிண்ணாக்கில் மெத்தியோனினும் குறைவு என்பதால் இப்போது போடும் மெத்தியோனினைக் குறைக்காதீர்கள். மல்டி என்சைமுக்குப் பதிலாகத் தனிப் பைட்டேஸ் வாங்கி, மேலே சொன்னபடி டி.சி.பி.யை 13 கிலோவாக்குங்கள். சோயா விலை இன்னும் ஏறி, பிண்ணாக்கை 8 கிலோ வரை கொண்டுபோயே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் மன்னனேஸ் வாங்குங்கள். அப்போதும் லைசின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான்.

மன்னனேஸ் வாங்குவதானால் மொத்தப் பேட்சுக்கும் போட்டுவிட்டு, பழைய பேட்சோடு ஒப்பிட வேண்டாம். ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் குஞ்சு, வெயில், காற்று எல்லாமே மாறுகின்றன. கொட்டகையின் நடுப்பகுதியில், ஒரே நாள் குஞ்சுகளில் 150, 150 ஆக வலை கட்டிப் பிரித்து, ஒன்றுக்கு என்சைம் போட்ட தீவனமும் மற்றொன்றுக்குப் போடாததும் கொடுங்கள். அடிக்கும் காற்றும் விழும் வெயிலும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால்தான் நடுப்பகுதி என்கிறேன். வாரம் ஒரு முறை பத்துப் பத்தாகக் கூடையில் வைத்து அத்தனை கோழிகளையும் எடை போட்டு, தின்ற தீவனத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 35 நாளில் வித்தியாசம் 30, 40 கிராமுக்குள் இருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம்; அடுத்த பேட்சிலும் அதே பக்கம் சாய்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொருத்தமான என்சைம், பொருத்தமான தீவனத்தில், எஃப்.சி.ஆரை மூன்று புள்ளி, அதாவது 1.68-இலிருந்து 1.65-க்கு இறக்கினாலே நான் திருப்தி அடைவேன். 1.9 கிலோக் கோழிக்கு அது 57 கிராம் தீவனம். 1,500 கோழிக்கு ஏறக்குறைய 85 கிலோ, ஒன்றே முக்கால் மூட்டை மிச்சம். என்சைமின் விலை அந்தத் தீவனத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால் வாங்குங்கள்; கூடுதலாக இருந்தால் விட்டுவிடுங்கள். ‘கோழிக்கு 200 கிராம் கூடும்’ என்று உங்கள் கடைக்காரர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அருகில் கம்பெனிக் கோழி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கம்பெனித் தீவனத்தின் மேல் என்சைம் தூவ வேண்டாம். அந்தத் தீவனத்தில் பெரும்பாலும் அது ஏற்கெனவே கலந்தே வரும்.

முதல் வாரத்தில் 7-ஆம் நாள் எடையை மட்டும் தவறாமல் போடுங்கள். 42 கிராமில் இறங்கிய குஞ்சு அன்று 170 கிராமையாவது தொட்டிருக்க வேண்டும். தொடவில்லையென்றால் கோளாறு தீவனத்தைவிட, குஞ்சுக்குக் கொடுக்கும் புரூடர் (வெப்பமூட்டி) சூட்டிலோ தண்ணீரிலோதான் இருக்கும். ஓணம் முடிந்ததும் புரட்டாசி வந்து கோவைப் பக்கம் கோழி விலை இறங்கிவிடும் என்பதால், குஞ்சு இறக்கும் நாளை அதற்கேற்ப முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். எடைச் சீட்டையும், ஆய்வகத்திலிருந்து பிண்ணாக்கு முடிவு வந்தால் அதையும் அனுப்புங்கள். 21-ஆம் நாளுக்கு முன் கிடைத்தால், இறுதித் தீவனக் கணக்கை அதற்குத் தகுந்தாற்போல் திருத்தி எழுதித் தருகிறேன்.